ஆடு தொடாத செடியில் மருந்து வந்தது எப்படி?

சடையங்குப்பம், மணலி, எண்ணூர் வட்டாரத்தில் கட்டடம் எழும்பாத காலி மனைகள் இன்னும் சில உண்டு. ஆலைச் சுவர்களை ஒட்டியும், ரயில் பாதை ஓரமாகவும், கால்வாய்க் கரையிலும் மணல் கலந்த நிலம் சும்மா கிடக்கிறது. மழை பெய்தால் அங்கே புல் முளைக்கும், ஆடுகள் வரும். சில நாட்களில் புல்லும் பூண்டும் வேலியில் படர்ந்த கொடியும் காணாமற் போய்விடும். அதன் பிறகு அந்த இடத்தைச் சற்று நின்று நோக்குங்கள். மூன்று செடிகள் மட்டும் பெரும்பாலும் இலை குறையாமல் நிற்கும். ஒன்று எருக்கு, மற்றொன்று ஊமத்தை, மூன்றாவது நித்திய கல்யாணி.

சுவரில் ஒட்டிய சினிமா விளம்பரத்தைக்கூடக் கிழித்துத் தின்னும் ஆடு, பசுமையான இந்த இலைகளில் வாய் வைக்காமல் விலகிப் போகிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மருந்துக் கடை. ஊமத்தையிலும் அதன் உறவுச் செடிகளிலும் கிடைக்கும் அட்ரோபினைக் கொண்டு கண் மருத்துவர் நம் கண்ணின் பாப்பாவை விரிக்கிறார். எருக்கம் பாலில் உள்ள பொருள்கள் இதயத் தசையைத் தாக்குபவை. அதே வகையைச் சேர்ந்த டிகாக்சின் என்னும் பொருள் இதய நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்து. நித்திய கல்யாணியின் இலையிலோ, குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை அடக்கும் மருந்து இருக்கிறது.

ஆடு ஒதுக்கும் செடியும் மருத்துவர் தேடும் செடியும் ஒன்றாக அமைந்தது தற்செயலா? இல்லை என்பதே இன்றைய அறிவியலின் விடை. அந்த விடையை, மூன்றில் எளிமையானதாகத் தோன்றும் நித்திய கல்யாணியைக் கொண்டே பார்ப்போம். சுடுகாட்டு மல்லி என்றும் இதற்குப் பெயர் உண்டு. தாவர நூலார் இதனைக் கேதராந்தஸ் ரோசியஸ் என்பர். பழைய நூல்களில் வின்கா ரோசியா என்றிருக்கும். இதன் சொந்த ஊர் நம் நாடு அன்று, மடகாஸ்கர் தீவு. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுத் தோட்டத்திலிருந்து தப்பி, நம் கடற்கரை மணலில் தானே பெருகிவிட்டது.

கழிவுப் பொருள் அன்று

ஒரு தாவரம் உயிர் வாழ மாவுப்பொருள், புரதம், கொழுப்பு, பச்சையம் முதலியன கட்டாயம் வேண்டும். இவற்றை எல்லாத் தாவரங்களும் செய்கின்றன. ஆனால் நித்திய கல்யாணி இவற்றோடு நில்லாமல், அல்கலாய்டுகள் எனப்படும் கசப்பான, நைட்ரஜன் அடங்கிய சேர்மங்களை 130க்கும் மேற்பட்ட வகைகளில் செய்து வைத்திருக்கிறது. அவை இல்லாவிட்டாலும் விதை முளைக்கும், இலை விரியும், பூ மலரும். பிறகு எதற்காக?

நெடுங்காலம் பலர் தந்த விடை, இவை கழிவுப் பொருள்கள் என்பதே. விலங்குகள் சிறுநீரை வெளியேற்றுவது போலத் தாவரங்கள் வெளியேற்ற வழியில்லாமல் தம் உடலிலேயே தேக்கி வைத்திருக்கின்றன என்றார்கள். இயற்பியல் படித்தவனுக்கு இந்த விடை உடனே உறுத்தும். கழிவு என்றால் அதை ஆக்கச் செலவு குறைவாக இருக்க வேண்டும். வயலில் நிற்கும் பயிர் தன்மேல் விழும் சூரிய ஆற்றலில் பொதுவாக நூற்றில் ஒன்றிரண்டு பங்கையே தன் உடலாக மாற்றுகிறது. அவ்வளவு அரிதாகச் சேர்த்த ஆற்றலை, மண்ணில் போராடிப் பெற்ற நைட்ரஜனோடு சேர்த்து, பல படிகள் கொண்ட வேலையில் செலவழித்துக் 'கழிவு' செய்யும் உயிர் மற்ற உயிர்களோடு போட்டியிட்டு நிலைக்குமா? வரவு செலவுக் கணக்கு ஒத்து வரவில்லை.

கணக்கைச் சரிசெய்யும் சோதனையை 1888ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியத் தாவர நூலார் எர்ன்ஸ்ட் ஸ்டால் செய்து காட்டினார். நத்தைகள் தீண்டாத சில செடிகளின் இலைகளை எடுத்து, அவற்றிலுள்ள பொருள்களைச் சாராயத்தில் கரைத்து நீக்கிவிட்டு நத்தைகளுக்கு வைத்தார். முன்பு ஒதுக்கிய இலைகளை அவை தின்றன. இதன் பொருளைப் பலரும் கவனிக்கவில்லை. 1959இல் காட்பிரைட் ஃபிராங்கல் என்னும் பூச்சியியல் அறிஞர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகே, இந்தப் பொருள்கள் தாவரத்தின் தற்காப்புக் கருவிகள் என்ற கருத்து வேரூன்றியது.

ஆட்டைக் கண்டால் முயல் ஓட வேண்டியதில்லை. நாயைக் கண்டால் ஓடும். பூனைக்கு நகம் உண்டு. செடிக்கு ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. வேர் விட்ட இடத்திலேயே ஆடு, வெட்டுக்கிளி, புழு, பூஞ்சை, பாக்டீரியா எல்லாவற்றையும் அது சந்தித்தாக வேண்டும். சில செடிகள் முள்ளை வளர்த்தன. மிகப் பல வேதியியலைக் கைக்கொண்டன.

'கைக்கொண்டன' என்று எழுதிவிட்டேன். செடி யோசித்துச் செய்ததாக யாரும் கொள்ள வேண்டாம். தலைமுறைதோறும் மரபுப் பொருளில் சிறு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஏதோ ஒரு மாற்றத்தால் ஒரு புதிய கசப்பு உண்டானால், அந்தச் செடி சற்றுக் குறைவாக மேயப்படுகிறது. சற்று அதிகமாக விதை விடுகிறது. பல லட்சம் ஆண்டுகளில் அந்தக் கசப்பு அந்த இனத்தின் பொதுச் சொத்தாகிவிடுகிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரு பகைவனைக் காட்ட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜோன்ஸ், ஃபர்ன் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1991இல் ஒரு கருத்தை வெளியிட்டனர்: தற்செயலாக உண்டாகும் ஒரு மூலக்கூறு சக்தி வாய்ந்த ஆயுதமாக அமைவது மிக அரிது, ஆகவே பற்பல மூலக்கூறுகளை மலிவாகச் செய்துகொண்டே இருக்கும் இனத்திற்குத்தான், அவற்றுள் ஒன்றாவது பயன்படும் வாய்ப்பு உண்டு என்பது அது. 130 அல்கலாய்டுகளும் 130 வாள்கள் அல்ல. சில வாள்கள், சில பட்டறையில் கிடக்கும் இரும்புத் துண்டுகள் என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

முப்பது படிகள் கொண்ட ஆலை

இனி, எப்படி என்பதைப் பார்ப்போம். மணலியிலுள்ள உர ஆலை போன்ற ஒன்றில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா செய்வதற்குச் சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். கிடைக்கும் அம்மோனியா மூலக்கூறில் இருப்பது நான்கே அணுக்கள். நித்திய கல்யாணியின் இலை செய்யும் வின்பிளாஸ்டின் என்ற மூலக்கூறில் 117 அணுக்கள் உள்ளன: கார்பன் 46, ஹைட்ரஜன் 58, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 9. அதைச் சாதாரண வெப்பநிலையில், தண்ணீரில், கொதிகலனோ புகைபோக்கியோ இல்லாமல் இலை செய்து முடிக்கிறது. வேலை செய்பவை நொதிகள் எனப்படும் புரதங்கள். ஒவ்வொரு நொதியும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பொருளை அடுத்த நொதியிடம் ஒப்படைக்கிறது. இப்படிச் சுமார் முப்பது படிகள்.

தொடக்கப் பொருள்கள் இரண்டும் நமக்கு அயலானவை அல்ல. ஒன்று டிரிப்டோபான்; பருப்பிலும் பாலிலும் உள்ள புரதத்தில் நாம் உண்ணும் அமினோ அமிலம். மற்றொன்று ஜெரானியால், ரோஜாவின் நறுமணத்தில் பங்கு பெறும் பொருள். செடி இவ்விரண்டையும் தனித்தனிப் பாதையில் மாற்றியமைத்து, ஒரு கட்டத்தில் இணைக்கிறது. இணைந்து உண்டாகும் பொருளுக்கு ஸ்ட்ரிக்டோசிடின் என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீலகிரியில் இதனை மறுபடி சந்திப்போம்.

வேலை முழுவதும் ஒரே உயிரணுவில் நடப்பதும் இல்லை. முதற் படிகள் இலை நரம்பை ஒட்டிய உயிரணுக்களில். நடுப் படிகள் இலையின் மேல்தோலில். கடைசிப் படிகள் ஆங்காங்கே தனித்து நிற்கும் சிறப்பு உயிரணுக்களில். பொருள் ஒரு கூடத்திலிருந்து மறு கூடத்திற்கு அனுப்பப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த, உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு இந்த வேலைப் பங்கீட்டைத் தெளிவாகக் காட்டியது.

விஷம் செய்பவனுக்கு உள்ள முதல் தொல்லை, தானே அதற்கு இரையாகாமல் இருப்பது. எண்ணெய் நிறுவனங்களின் கிடங்கில் ஒன்றோடொன்று சேரக்கூடாத பொருள்களைத் தனித்தனித் தொட்டிகளில் வைப்பார்கள். இலையும் அதையே செய்கிறது. ஸ்ட்ரிக்டோசிடின் மூலக்கூறின் ஓரத்தில் ஒரு சர்க்கரைத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது இருக்கும்வரை பொருள் சாதுவாக இருக்கும். இந்தச் சாதுவான பொருளை உயிரணுவின் வாக்குவோல் எனும் நீர்ப்பையில் செடி அடைத்து வைக்கிறது. சர்க்கரையை வெட்டும் நொதியையோ, அங்கு வைக்காமல் உட்கருவுக்குள் பூட்டி வைக்கிறது. புழு இலையைக் கடித்தவுடன் பையும் உடைகிறது, உட்கருவும் உடைகிறது. இரண்டும் கலக்கின்றன. சர்க்கரை வெட்டுண்டு, புரதங்களைக் கண்டபடி ஒன்றோடொன்று பிணைத்துக் கெடுக்கும் கடுமையான பொருள் நொடியில் உண்டாகிறது. அந்த வாய் அடுத்த கடிக்கு யோசிக்கும். 2010இல் இந்த அமைப்பை விளக்கிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், உட்கருவில் வைத்த வெடிகுண்டு என்றே அதனை வருணித்தார்கள்.

இதே ஏற்பாட்டை நம் சமையலறையில் காணலாம். முழு வெங்காயம் கண்ணை எரிப்பதில்லை, அறுத்தால்தான் எரிக்கும். முழுக் கடுகு காரமில்லை, அரைத்தால் காரம். அங்கும் தனித்து வைக்கப்பட்ட பொருளும் நொதியும், உயிரணு உடைந்தபின் சேருகின்றன.

பாதுகாப்பு எதுவும் முழுமையானதன்று. அரளியையும் நித்திய கல்யாணியையும் தின்றே வளரும் ஒரு பருத்த பச்சைப் புழு உண்டு. அரளி அந்துப்பூச்சியின் புழு அது. எருக்கிலையைத் தின்னும் வரிவரியான புழுவோ ஒரு படி மேலே போய், அந்த விஷத்தைத் தன் உடலிலேயே சேர்த்துக்கொள்கிறது. பின்னர் அது ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியாகும்போது பறவைகள் அதைத் தின்னத் தயங்குகின்றன.

ஒரு தாய் மூலக்கூறின் பிள்ளைகள்

இப்போது நீலகிரிக்குச் செல்வோம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலார் குயினைனைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவுக்கு அன்று வேறு மருந்து இல்லை. 1860இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவர் சின்கோனாச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். உதகமண்டலத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த மெக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்துப் பெருக்கினார். நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் எழுந்தது.

மெக்கைவர் ஒரு புதுமை செய்தார். மரத்தை வெட்டாமல், பட்டையை நீளவாட்டில் பட்டை பட்டையாக உரித்தெடுத்து, காயத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். மரம் பிழைத்துப் புதுப் பட்டை விட்டது. அந்தப் புதுப் பட்டையில் முன்பைவிட அதிகமான அல்கலாய்டு இருந்தது. பாசி செய்த மாயம் என்று அன்று நினைத்திருக்கலாம். தற்காப்பு என்ற கண்ணோடு பார்த்தால், காயம் பட்ட இடத்தில் காவலைப் பலப்படுத்துவது உயிர்களின் இயல்பு எனலாம்.

குயினைன் செடிக்கு எதற்கு என்ற கேள்விக்கு வரலாறே ஒரு வேடிக்கையான சான்று தருகிறது. மனிதரைத் தாக்கும் கொடிய மலேரியா, கொலம்பஸ் காலத்திற்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் இல்லை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் மலேரியாவே இல்லாத மலைகளில், மலேரியா மருந்தைச் சின்கோனா மரம் காலங்காலமாகச் செய்துகொண்டிருந்தது! நமக்காகச் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? பட்டையைத் துளைக்க வரும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகச் செய்த கசப்பு, கடல் கடந்து வந்த ஒரு நோய்க்கிருமிக்கும் எமனாக அமைந்தது.

இங்கேதான் ஸ்ட்ரிக்டோசிடின் திரும்பி வருகிறது. சின்கோனா மரமும் குயினைனை அதே ஸ்ட்ரிக்டோசிடினிலிருந்தே செய்கிறது. இரத்த அழுத்தத்திற்கு 1950களில் உலகெங்கும் புகழ்பெற்ற ரிசர்பின், சர்ப்பகந்தியின் வேரில் ஸ்ட்ரிக்டோசிடினிலிருந்து உண்டாகிறது. கசப்புக்கு நாம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் எட்டிக்காயின் கொடிய நஞ்சாகிய ஸ்டிரிக்னினும் அதே வழியில் பிறந்ததுதான். எட்டியில் அதன் படிகள் முழுவதும் 2022இல் கண்டறியப்பட்டன. மடகாஸ்கர் பூச்செடி, ஆண்டிஸ் மரம், நம் காட்டு எட்டி ஆகியவற்றுக்குத் தொலைவான பொது முன்னோர் உண்டு. அந்த முன்னோரிடமிருந்து வந்த அடிப்படைச் செய்முறையை ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைத்து, வேறு வேறு முடிவுப் பொருளாக்கியிருக்கிறது. ஒரே இட்லி மாவில் தோசையும் ஊத்தப்பமும் பணியாரமும் வருவது போல என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு சிறு கிளைச் செய்தி. குயினைன் கரைந்த நீரில் வெயில் பட்டால் நீல ஒளி தெரியும். 1845இல் ஜான் ஹெர்ஷல் இதனைக் கவனித்து எழுதினார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விழுங்கித் தெரியும் ஒளியாக அது உமிழ்கிறது என்று 1852இல் ஸ்டோக்ஸ் விளக்கினார். புளூரசன்ஸ் என்ற சொல்லைப் படைத்தவர் அவரே. கள்ள நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் முன், கடையில் விற்கும் டானிக் வாட்டர் பாட்டிலைப் பிடித்தால் இன்றும் இதைக் காணலாம். அதில் சிறிது குயினைன் இருக்கிறது.

நம் உடலில் ஏன் வேலை செய்கிறது?

புழுவைத் தடுக்கச் செய்த பொருள் மனிதனின் நோயில் ஏன் தலையிட வேண்டும்? புழுவும் மனிதனும் அடிப்படைக் கட்டமைப்பில் உறவினர்கள் என்பதே காரணம்.

நம் உடலின் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, மரபுச் செய்தி அடங்கிய குரோமோசோம்களைச் சரிபாதியாக இருபுறமும் இழுத்துச் செல்ல வேண்டும். இழுப்பதற்கு நுண்குழல்கள் உண்டு. டியூபுலின் என்ற புரத உருண்டைகள் வரிசையாகக் கோத்து, வழக்கமாக 13 வரிசைகள் வட்டமாகச் சேர்ந்து ஒரு குழல் ஆகிறது. அதன் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் நாற்பதாயிரம் குழல்களை அடுக்கலாம். வேண்டும்போது இணைவதும் வேலை முடிந்ததும் கலைவதும் இவற்றின் இயல்பு, கல்யாணத்துக்குக் கட்டிப் பிரிக்கும் பந்தல்போல. வின்பிளாஸ்டின் டியூபுலின் உருண்டையில் ஓர் இடுக்கில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. பிறகு உருண்டைகள் ஒழுங்காகச் சேர முடிவதில்லை. பந்தல் எழாமல் பிரிவு நடுவில் நின்று, உயிரணு மடிகிறது.

டியூபுலின் பூச்சிக்கும் ஆட்டுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றே. பழைய முன்னோரிடமிருந்து வந்த இந்தப் புரதத்தை எந்த உயிரும் அதிகம் மாற்றிக்கொள்ள முடியவில்லை. மாற்றினால் பிரிவே நின்றுவிடும். எதிரி எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத இடத்தைத் தாக்கும் ஆயுதமே நிலைத்த ஆயுதம். ஆகவே, வெவ்வேறு தாவரங்கள் தனித்தனியே இதே டியூபுலினைக் குறிவைத்தது வியப்பன்று. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்சிசினும் டியூபுலினைத்தான் பற்றுகிறது, ஆனால் வேறோர் இடுக்கில். தாவரங்களின் டியூபுலினோடு அது அவ்வளவு இறுக்கமாகச் சேர்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கீல்வாதத்தில் ஒரு வகையான கவுட் நோய்க்குக் கால்சிசின் நெடுநாள் மருந்து. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் செங்காந்தளை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கிழங்கைத் தவறித் தின்றவர்கள் இறந்துபோவதும் அதே கால்சிசினால்தான்.

புற்றுநோய் உயிரணு ஓயாமல் பிரிவது. அதனால் பிரிவைத் தடுக்கும் நஞ்சு அதனை முதலில் தாக்குகிறது. மயிர்க்காலிலும் எலும்பு மஞ்சையிலும் உள்ள உயிரணுக்களும் வேகமாகப் பிரிபவை. ஆதலால் இவ்வகை மருந்துகளால் முடி உதிர்கிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. நரம்பு இழைகளின் உள்ளேயும் நுண்குழல்கள் இருப்பதால், வின்கிரிஸ்டின் பெறும் நோயாளிக்கு விரல் நுனி மரத்துப்போகும். மருந்தும் நஞ்சும் இரண்டு பொருள்கள் அல்ல. அளவும் இடமும் வேறு.

ஓர் உறையில் வந்த இலைகள்

இந்த மருந்தை யாரும் புற்றுநோய்க்கென்று தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஜமைக்காவில் நித்திய கல்யாணி இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடித்து வந்தார்கள். 1952இல் அங்கிருந்து சில இலைகள் தபாலில் கனடாவுக்குப் போய், மேற்கு ஒண்டேரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் நோபிள் கைக்கு வந்து சேர்ந்தன. சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் நோய்த்தொற்றால் இறந்தன. இன்னொருவராயிருந்தால் பாட்டிலைக் கழுவி வைத்திருப்பார். நோபிள் அந்த எலிகளின் இரத்தத்தைப் பார்த்தார். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோயிருந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? நோபிளும் சார்லஸ் பீர் என்ற வேதியியலாரும் காரணமான பொருளைப் பிரித்து 1958இல் அறிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் ஸ்வபோடாவும் அவர் குழுவினரும் தனியே இச்செடியைச் சோதித்து, வின்கிரிஸ்டின் என்ற உடன்பிறப்பையும் கண்டனர். 1961இல் வின்பிளாஸ்டினும் 1963இல் வின்கிரிஸ்டினும் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றன.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. ஓரத்தில் ஒரு கார்பனோடு மூன்று ஹைட்ரஜன் இருந்தால் அது வின்பிளாஸ்டின். அதே கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் போய் ஓர் ஆக்சிஜன் வந்தால் வின்கிரிஸ்டின். அவ்வளவிலேயே பயன்படும் நோய் மாறிவிடுகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டினே முதன்மையான மருந்துகளில் ஒன்று. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ் ஆகியவை 1984 முதல் ஒரே மாதிரியான சிகிச்சைத் திட்டத்தை இக்குழந்தைகளுக்குப் பின்பற்றின. அதிலும் வின்கிரிஸ்டின் உண்டு. அதன்பின் பிழைத்தெழுந்த குழந்தைகளின் விகிதம் வெகுவாக உயர்ந்தது. அதே 1984இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் துணையோடு சிப்லா நிறுவனம் இம்மருந்துகளை நம் நாட்டிலேயே தயாரிக்கும் முறையை உருவாக்கியது.

அரை டன் இலை, ஒரு கிராம் மருந்து

தொல்லை அளவில் இருக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு அதைவிடப் பல மடங்கு. கேதராந்தின், விண்டோலின் என்ற இரு பாதி மூலக்கூறுகள் இலையில் ஓரளவு தாராளமாகவே உள்ளன; அவை ஒன்றோடொன்று இணைந்த முழு மூலக்கூறுதான் அரிது.

ஆய்வுக்கூடத்தில் முழுவதையும் செயற்கையாகச் செய்துவிடலாமே என்று கேட்கலாம். வலக்கையும் இடக்கையும் ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றொன்றாக இருப்பினும், வலக்கை உறை இடக்கைக்குப் பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இந்தக் கைப்பண்பு உண்டு. வின்பிளாஸ்டினில் இப்படி இரு வகையாக அமையக்கூடிய இடங்கள் ஒன்பது. இரண்டை ஒன்பது முறை பெருக்கினால் 512. பெயர் சூத்திரம் மாறாமல் 512 வடிவங்கள் எழுதலாம். டியூபுலின் இடுக்கில் சரியாகப் பொருந்துவது செடி செய்யும் அந்த ஒரு வடிவமே. நொதி தானே கைப்பண்பு உடையதாதலால் தவறாமல் அந்த ஒன்றைச் செய்கிறது. வேதியியலார் ஒவ்வொரு இடத்திலும் போராட வேண்டும். செய்ய முடியாதது அல்ல; செய்தும் இருக்கிறார்கள். ஆனால் செலவு இலையை வெல்லவில்லை. நடைமுறையில் இலையிலிருந்து இரு பாதிகளையும் எடுத்து இணைப்பதும் வழக்கத்தில் உள்ளது.

இலைச்சாறு குடிப்பதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நித்திய கல்யாணி இலையைச் சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் அரைத்துக் குடிப்பவர்கள் நம் பகுதியில் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகாது. அந்த 2 மில்லிகிராமுக்கே கிலோ கணக்கில் காய்ந்த இலை தேவை. ஆகவே ஒரு கைப்பிடி இலையில் புற்றுநோய்க்கு வேண்டிய மருந்து வராது. மற்ற நூற்றுக்கு மேற்பட்ட அல்கலாய்டுகளோ, அளவு தெரியாமல் வந்து சேரும். மழைக்கால இலையும் கோடைக்கால இலையும் ஒன்றல்ல. பூச்சி கடித்த செடியும் கடிக்காத செடியும் ஒன்றல்ல. இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்ற பேச்சை இந்தச் செடியிடம் சொல்லிப் பயனில்லை. அது இயற்கையாகவே தீங்கு செய்வதற்காக வந்த பொருள். மருத்துவமனையில்கூட வின்கிரிஸ்டினை இரத்தக் குழாய் வழியாக மட்டுமே செலுத்துவார்கள். தவறித் தண்டுவடத்தில் செலுத்தி உயிர்கள் போனதால், ஊசிக் குழலில் வைக்காமல் சிறு பையில் கரைத்தே ஏற்றுமாறு உலக நல நிறுவனம் 2007இல் எச்சரிக்கை விடுத்தது.

மருந்து ஒரு செடியை நம்பியிருப்பதும், செய்வோர் சிலராக இருப்பதும் எளிதில் ஆபத்தாகக்கூடும். 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் வழங்கும் நிறுவனம் ஒன்றே ஒன்றாகக் குறைந்தபோது பற்றாக்குறை ஏற்பட்டு, குழந்தைகள் மருத்துவமனைகள் திண்டாடின. 2022இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் ஜே கீஸ்லிங்கும் அடங்கிய குழு ஒரு சாதனையை வெளியிட்டது. ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் ஈஸ்டில் 34 தாவர மரபணுக்களைச் சேர்த்து, மொத்தம் 56 மாற்றங்கள் செய்து, முப்பது நொதிப் படிகளையும் அதற்குள் ஓடவிட்டார்கள். ஈஸ்ட் அவ்விரு பாதிகளையும் செய்தது. அவற்றை வேதியியல் முறையில் இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்தனர். கிடைத்த அளவு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்.

அந்த அளவு கூடும்வரை இலைதான் வழி. லக்னோவிலுள்ள மத்திய மருந்து, நறுமணப் பயிர்கள் ஆய்வு நிலையம் இச்செடியில் நிர்மல், தவல் என்ற உயர் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்து வறண்ட நிலங்களில் தண்ணீர் அதிகம் கேட்காத பயிராக இது வளர்க்கப்படுகிறது. இலையும் வேரும் காய்ந்து மூட்டைகளாகிக் கப்பலேறுகின்றன. அந்த வயல்களுக்கு ஆட்டுக்குப் பயந்து யாரும் வேலி போடுவதில்லை.